அடுத்த படியின் தொலைவு



உயர்நிலைக் கல்வியும் அதற்கு மேற்பட்ட கலாசாலைக் கல்வியும் ஒரு சமுதாயத்தில் காலக்கிரமத்தில் எவ்வாறு பரவுகின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி, இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தகைய பொருளை எடுத்துக்கொள்ளும் பிரசங்கிகள் வழக்கமாக 1854ஆம் ஆண்டின் சார்ல்ஸ் வுட் அறிக்கையில் தொடங்கி, கமிஷன்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, அண்மைக் காலத்துச் சதவீதங்களில் இறங்கி முடிப்பார்கள். அது தவறன்று, ஆயினும், உத்தரவு பிறந்த நாளிலேயே கல்வி பரவிவிட்டதென்ற மயக்கத்தை அது கேட்போர் மனத்தில் உண்டாக்கிவிடுகிறது. உத்தரவு கோட்டையில் பிறக்கிறது; பிள்ளை பேரணாம்பட்டிலோ ஆலங்காயத்திலோ பிறக்கிறது. இரண்டும் சந்திப்பதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று, அதற்கிடையில் தடுத்து நின்றவை எவை என்பதே நான் ஆராய விரும்பும் விஷயம். ஆகவே வாணியம்பாடியின் இந்தப் பாலாற்றங்கரையை விட்டு அதிக தூரம் போகாமல், தோல் தொழிலால் பிழைக்கும் இந்த நிலப்பரப்பையே சான்றாக வைத்துக்கொண்டு பேசலாமென்று உத்தேசித்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம் என்று பள்ளிக்கூடம் வாங்குவது கல்வியின் விலையில் ஒரு பகுதிதான். அடுத்த வகுப்பு இருக்கும் இடத்துக்கு வீட்டிலிருந்து உள்ள தூரம் இரண்டாவது பகுதி. படிக்கிற பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய கூலி மூன்றாவது பகுதி. இம்மூன்றில் முதலாவதைப் பற்றியே நம் மேடைகள் அதிகம் பேசியிருக்கின்றன; ஏழைகளைத் தடுத்து நிறுத்தியவையோ பெரும்பாலும் மற்ற இரண்டுமே.

இந்தப் பகுதிக்கு ஆங்கிலக் கல்வி வந்த வழி இருப்புப் பாதை வந்த வழியை ஒட்டியதே. அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் நிறுவப்பட்டது; இராயபுரத்திலிருந்து புறப்பட்ட ரயில் 1856இல் வாலாஜா ரோட்டை எட்டியது; மறு ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது. வேலூரில் மிஷனாரின் ஊரிஸ் கல்லூரி 1898இல் கல்லூரி நிலையை அடைந்தபோது, பட்டணத்துக்குப் போய் அறை எடுத்துத் தங்க இயலாத வடஆற்காட்டு இளைஞர் சிலருக்காவது சர்வகலாசாலையின் முதற்படி தம் ஜில்லாவுக்குள்ளேயே கிடைத்தது. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கமிஷன், கல்வியை நடத்தும் பொறுப்பை உள்ளூர் முயற்சிக்கு விட்டு, அரசாங்கம் உதவி மானியம் கொடுத்தால் போதுமென்று பரிந்துரைத்ததோடு, முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கியிருப்பதைத் தனியே எடுத்துக் காட்டி அவர்களுக்கு விசேஷ ஊக்கம் வேண்டுமென்றும் எழுதிற்று. உதவி மானியம் என்பது கேட்பவனுக்குக் கொடுப்பது; கேட்பதற்குக் கையில் முதற்பணம் இருக்கவேண்டும். அந்த முதற்பணம் இங்கே யாரிடம் இருந்தது?

தோல் மண்டிக்காரர்களிடம் இருந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தென்னாட்டுத் தோலுக்கு இங்கிலாந்துச் சந்தையில் நெடுங்காலமாக மதிப்புண்டு. 1914இல் மூண்ட முதல் உலகப் போரில், படைவீரர்களின் பூட்ஸ்களுக்கு மேல்தோலாக அதனைப் பிரிட்டிஷ் அரசாங்கமே பெருமளவில் கொள்முதல் செய்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் முஸ்லிம் வர்த்தகர்கள் சென்னைப் பெரியமேட்டில் கிடங்கு வைத்திருந்தவர்கள். லண்டன் விலையைத் தந்தியில் அறிந்தவர்கள். ஆங்கிலம் தெரியாததால் தரகனுக்குக் கொடுக்க நேர்ந்த பணத்தின் கணக்கும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கல்வியின் பயனை அவர்கள் நூல்களிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. வியாபாரிக்கு நஷ்டத்தைப்போல நல்லாசிரியன் வேறில்லை.

1903ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாலாறு பெருகி இந்நகரத்தின் ஒரு பகுதியையே வாரிக்கொண்டு போனதையும், பலர் மாண்டதையும் மூத்தோர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். வீடிழந்தவர்களும் சரக்கிழந்தவர்களும் நிறைந்திருந்த அந்த ஊரில், அந்தத் தலைமுறையிலேயே, வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் பாடசாலையை நடத்தி, அதனைப் படிப்படியாக உயர்த்தி, 1919இல் இஸ்லாமியா கல்லூரியையும் தொடங்கிவிட்டது. அக்காலத்தில் மாகாணத்தின் பல ஜில்லாத் தலைநகரங்களிலேயே கல்லூரி கிடையாது. ஒரு சிறு நகரத்தில் கல்லூரி எழுந்தது அரசாங்கத்தின் திட்டத்தால் அன்று. உயர்தரப் பாடசாலையை முடித்துவிட்டு மேலே போக வழியின்றி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தொகை, தகப்பன்மாரை நெருக்கியதால் அது எழுந்தது. உலகெங்கும் இதுவே இயற்கை. கீழ்வகுப்பு நிரம்பி வழிந்தால்தான் மேல்வகுப்பு பிறக்கிறது. மேலே கட்டிவிட்டுக் கீழே ஆள் தேடிய இடங்களில் கட்டடந்தான் மிஞ்சிற்று.

இந்தக் கல்லூரி முஸ்லிம்களுக்கு மாத்திரம் பயன்பட்டதென்று எண்ணுவது சரியன்று. சுற்று வட்டாரத்து விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகளும், கணக்குப்பிள்ளை, ஆசிரியர் முதலியவர்களின் பிள்ளைகளும் இங்கே பயின்றார்கள். உருது வழங்கும் ஊர் என்று வெளியார் கருதும் இவ்விடத்தில் தமிழ்த்துறை எத்தகைய பெருமையோடு விளங்கிற்று என்பதற்கு, கவிக்கோ அப்துல் ரகுமான் பல்லாண்டு இங்கேயே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார் என்ற ஒன்றே போதும். தமிழ்க் கவிதையில் புதிய தடம் போட்ட ஒருவர், பட்டணத்தில் உட்காராமல் தோல் மண்டிகளின் நடுவே உட்கார்ந்து எழுதினார். கல்லூரி என்பது மாணவரை மட்டுமா ஊருக்குள் கொண்டுவருகிறது?

ஆயினும் ஒரு கேள்வியை ஒதுக்கிவிட்டு மேலே போவது நேர்மையாகாது. யாருடைய உழைப்பால் அந்தத் தோல் விலை பெற்றதோ அவர்களுடைய பிள்ளைகள் 1919இல் அந்தக் கல்லூரி வாயிலில் நின்றார்களா? நிற்கவில்லை. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிர் களைந்து, சதை சீவி, பட்டைத் தண்ணீர்க் குழியில் மாற்றி மாற்றி இட்டு எடுக்கும் வேலையில், முழங்கால் வரை நனைந்து நின்றவர்கள் பெரும்பாலும் ஆதிதிராவிடக் குடும்பத்தினரும் ஏழை முஸ்லிம்களுமே. அந்த வேலையில் சிறுவனுக்கும் ஏதேனும் ஒரு கூலி உண்டு. ஆகவே பள்ளிக்கூடம் ஒரு காசும் வாங்காமலிருந்தாலும், அவனைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் தினந்தோறும் ஒரு தொகையை இழந்தாள். ‘ஏழைகளுக்குக் கல்வியின் அருமை தெரியாது’ என்று சொல்லும் கனவான்கள், இந்த இழப்பைத் தம் சொந்தக் கணக்கில் ஒரு வருஷம் எழுதிப் பார்க்கலாம்.

1953ஆம் ஆண்டில் இராஜாஜியின் அரசாங்கம் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் ஏன் இத்தனை கொந்தளிப்பை உண்டாக்கிற்று என்பது இந்த இடத்தில் நின்று பார்த்தால் விளங்கும். கிராமப் பிள்ளை பாதி வேளை பள்ளியில் இருந்துவிட்டு, மீதி வேளையில் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்றது அத்திட்டம். பள்ளிகளும் ஆசிரியர்களும் குறைவாயிருந்த நிலையில், இரண்டு முறை வகுப்பு நடத்தினால் இருமடங்கு பிள்ளைகள் படிக்கலாமென்ற சிக்கன யோசனை அதில் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் குடும்பத் தொழில் சுண்ணாம்புக் குழியாக இருக்கும் பிள்ளைக்கு அந்த மீதி வேளை எதைக் கற்றுக்கொடுத்திருக்கும்? எதிர்ப்பு வலுத்தது, 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

காமராசர் காலத்துக் கல்விப் பணியைப் புகழாதவர் இல்லை. அதில் எனக்கு வியப்பூட்டுவது, மேலே சொன்ன மூன்று விலைகளையும் அவர் ஏககாலத்தில் தொட்டார் என்பதே. ஓராசிரியர் பள்ளிகளைச் சிற்றூர்தோறும் திறந்து தூரத்தைக் குறைத்தார். உயர்நிலைப் பள்ளிச் சம்பளம் படிப்படியாக நீங்கி, 1960களின் நடுவில் பள்ளியிறுதி வகுப்பு வரை இலவசமாயிற்று. 1956இல் தொடங்கிய மதிய உணவு, ஒரு வேளைச் சோற்றின் அளவுக்கேனும் இழந்த கூலிக்கு ஈடு செய்தது. கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தி, பலகையும் மேசையும் பந்தலும் கொடுக்கும்படி ஊராரையே முன்வரச் செய்தார். கொடுத்தவன் தன் பிள்ளையை அனுப்பாமலிருக்க மாட்டான் என்பது அவருடைய சாதுரியம். இவற்றோடு, 1944இல் மத்திய அரசாங்கம் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவருக்காகத் தொடங்கிய மேற்படிப்பு உபகாரச் சம்பளமும், பின்னர்ப் பெருகிய விடுதிகளும் சேர்ந்துகொண்டன. முதன்முறையாகத் தோல் தொழிலாளியின் மகன் ஊரிஸுக்கோ இஸ்லாமியாவுக்கோ போவது, நடக்கக்கூடிய காரியமென்று கண்ணெதிரே நிரூபணமாயிற்று.

இவ்வாறு பெருகிய மாணவர் நெருக்கத்தின் விளைவாகக் கல்லூரிகளும் பெருகின. திருப்பத்தூரில் சலேசியத் துறவியர் 1951இல் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினார்கள். வேலூரில் அரசினர் கலைக் கல்லூரி 1965இல் வந்தது. மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும், ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் கல்லூரி 1969இலும் எழுந்தன. பாலாற்றங்கரையில் பஸ்ஸில் ஏறிய மாணவன் இறங்குவதற்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு கல்லூரி இருந்தது என்ற நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இந்த இடத்தில் அயர்லாந்தைச் சிறிது நினைத்துக்கொள்வது பொருந்தும். அந்நாட்டில் இடைநிலைக் கல்வியை 1967இல் இலவசமாக்கியபோது, கூடவே தூரத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்தையும் இலவசமாக விட்டார்கள். சம்பளத்தை நீக்கிவிட்டு ஐந்து மைல் நடக்கச் சொல்வதில் பயனில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நம் மாநிலத்தில் மாணவர்க்கு இலவசப் பேருந்துச் சீட்டும் சைக்கிளும் கொடுக்கும் ஏற்பாட்டை ‘இலவசம்’ என்று இகழ்ந்து பேசும் வழக்கம் படித்தவரிடையே இருக்கிறது. அப்படிப் பேசுவோர் பள்ளிக்கு அருகில் குடியிருந்தவர்களாயிருப்பார்கள்.

ஆனால் நம்மவரின் நினைவில் அதிகம் இடம் பெறாத ஒரு மாறுதல் உண்டு. என் எண்ணத்தில், தமிழ்நாட்டில் கல்லூரிக் கல்வி பரவியதற்கு அதைவிடப் பெரிய காரணங்கள் சிலவே. 1978இல் பதினோராம் வகுப்போடு முடியும் பழைய பள்ளியிறுதி முறை போய், பத்தும் இரண்டுமாகிய புதிய முறை வந்தது. அதுவரை கல்லூரிகளுக்குள் ஓராண்டு வகுப்பாக நடந்து வந்த, பியூசி என்னும் புகுமுக வகுப்பு, இரண்டாண்டு மேனிலை வகுப்பாகிப் பள்ளிக்கூடங்களுக்கு இறங்கி வந்தது. பார்ப்பதற்கு இது நிர்வாக மாற்றம். அதன் விளைவைக் கவனியுங்கள். முன்பு நாட்டறம்பள்ளியிலோ ஆலங்காயத்திலோ தமிழில் படித்துப் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய பதினாறு வயதுப் பிள்ளை, புகுமுக வகுப்புக்காகக் கல்லூரி ஊருக்குப் போய், முதல் நாளிலேயே பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடத்தும் பௌதிகத்தையும் கணிதத்தையும் எதிர்கொண்டு, அந்த ஓராண்டிலேயே வெல்லவோ வீழவோ வேண்டும். எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பு அந்த ஓராண்டில் மாண்டது. வீட்டுக்குத் திரும்பி ‘பியூசி பெயில்’ என்ற பட்டத்தோடு ஆயுள் முழுவதையும் கழித்தவர்கள் இந்தச் சபையில் உள்ள பலருக்கும் உறவினராயிருக்கக்கூடும்.

மேனிலை வகுப்பு பள்ளிக்கு வந்ததும், அதே பள்ளியில், தெரிந்த ஆசிரியரிடம், தமிழிலேயே, வீட்டுச் சோற்றை உண்டுகொண்டு, இரண்டாண்டு நிதானமாகப் படிக்கும் வாய்ப்பு உண்டாயிற்று. பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் துணியாத தகப்பன், உள்ளூர் மேனிலைப் பள்ளிக்கு அனுப்பத் துணிந்தான். அடுத்த படி, கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வந்துவிட்டது. 1980இல் முதல் மேனிலைப் பொதுத்தேர்வு நடந்ததற்கும், அதன்பின் கல்லூரிகளின் வாயிலில் கூட்டம் பெருகி, 1984 முதல் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் முளைத்ததற்கும் உள்ள தொடர்பை யாரும் எளிதில் மறுக்க இயலாது. பிற்காலத்தில் வேலூரில் பல்கலைக்கழகமாக வளர்ந்த வி.ஐ.டி.யும் அந்த 1984இல் தோன்றியதே.

பெண்களின் கல்விக்கு வருகிறேன். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1947இல்தான் ஆடவர் அங்கே மாணவராகச் சேர்க்கப்பட்டனர். பெண்டிருக்குப் பின்னால் ஆடவர் ஏறத்தாழ முப்பதாண்டு வரிசையில் நின்ற வாயில் இந்தியாவில் வேறு எத்தனை உண்டோ! எனினும் அது சிலருக்கே திறந்த வாயில். காட்பாடியில் ஆக்சிலியம் மகளிர் கல்லூரி 1954இல் வந்தது. வாணியம்பாடிப் பெண்களுக்கு அதுவும் தொலைவே. ஆண்களுக்கு 1919இல் கல்லூரி கண்ட இந்நகரம், பெண்களுக்கென ஒரு கல்லூரியைக் காண 1990களை எட்டவேண்டியிருந்தது. 1994இல் மருதர் கேசரி ஜெயின் மகளிர் கல்லூரி தொடங்கிற்று. இஸ்லாமியா மகளிர் கல்லூரியும் எழுந்தது. சமண அறநிலையம் ஒன்று நடத்தும் கல்லூரியில், புர்கா அணிந்த பெண்ணும், பக்கத்துச் சேரியிலிருந்து வரும் பெண்ணும், உழவர் வீட்டுப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வணிகவியல் படிப்பதை நான் கண்டிருக்கிறேன். எழுபத்தைந்து ஆண்டுத் தாமதத்துக்கு மதத்தைக் காரணம் காட்டுவோர், ஊருக்குள் கல்லூரி வந்தவுடன் அதே குடும்பங்கள் தம் பெண்களை அனுப்பியது ஏன் என்பதையும் சேர்த்து விளக்க வேண்டும்.

இனி இழந்த கூலியின் புதிய உருவத்தைக் காணுங்கள். 1970களில் அரசாங்கம் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முற்றும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. அதன் பயனாக ஆம்பூரிலும் இங்கும் ஷூ கம்பெனிகள் பெருகின. மேல்தோல் தைக்கும் வேலையில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் கிராமத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது. கல்லூரி பஸ்ஸோ நெடுஞ்சாலை வரையில்தான் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணின் எதிரில் இவ்விரண்டும் நிற்கும்போது, மாதச் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் பஸ்ஸில் அவள் ஏறினால் அதனை அறியாமை என்பது அநியாயம். 2022இல் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ ஆண்களுக்கும் அதனைத் தருகிறது. கம்பெனிச் சம்பளத்துக்கு அது ஈடாகாது. ஆயினும், படிக்கிற பிள்ளையின் குடும்பம் இழக்கும் கூலியை அரசாங்கம் ஒரு செலவாக ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

புள்ளிவிவரத்துக்கும் சிறிது இடம் கொடுப்போம். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வரை வயதுள்ளோர் தொகையோடு ஒப்பிட, உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் இந்தியாவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். அமெரிக்க அறிஞர் மார்ட்டின் டிரோ 1973இல் வகுத்த முறைப்படி, 15 சதவீதம் வரை உயர்கல்வி சிலரின் உடைமை; 50 வரை அது பெருந்திரளின் உரிமை; அதற்கு மேல் எல்லோருக்கும் கடமைபோல் ஆகிவிடும். நாம் இரண்டாவதன் முடிவில் நிற்கிறோம்.

நின்றுகொண்டு எதைக் காண்கிறோம்? ராஃப்டரி, ஹௌட் என்ற இரு ஆய்வாளர்கள் அயர்லாந்தின் கல்வி வரலாற்றை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவு இனிமையானதன்று: கல்வி எவ்வளவு விரிந்தாலும், மேல்வகுப்பாரின் பிள்ளைகள் எல்லோரும் ஒரு நிலையில் ஏறி முடிந்த பிறகே, அந்த நிலையில் ஏற்றத்தாழ்வு குறையத் தொடங்குகிறது. 2001இல் சாமுவேல் லூகஸ் என்பவர் மேலும் ஒன்று சேர்த்தார்: எல்லோரும் ஏறிவிட்டால், வேற்றுமை ‘எத்தனை ஆண்டு படித்தான்’ என்பதிலிருந்து ‘எதைப் படித்தான், எங்கே படித்தான்’ என்பதற்கு இடம் மாறிக்கொள்கிறது. இங்கே அதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். பட்டம் அரிதாயிருந்த நாளில் பி.ஏ. போதும்; பட்டம் எளிதான நாளில், மருத்துவத்துக்கு நீட் பயிற்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கட்டக்கூடியவன் முன்னே போகிறான். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடத்தை 2020இல் ஒதுக்கியதும், அதனை மறு ஆண்டில் பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கு விரித்ததும், முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2007இல் தந்ததும், இந்த இடமாற்றத்தைப் பின்தொடர்ந்து ஓடும் முயற்சிகளே. ஓடாமல் இருந்தால் மோசம். ஓடியும் முந்திவிட முடியவில்லை.

தூரத்தின் கதையும் முடிந்துவிடவில்லை. ஆலங்காயத்துக்கு அப்பால் ஜவ்வாது மலைமேல், காவலூரில், வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் பல கோடி மைலுக்கு அப்பாலுள்ள நட்சத்திரங்களை அருகே கொண்டுவருகிறது. அதே மலையின் சிற்றூர்களில் பிறந்த பிள்ளை அந்த நட்சத்திரங்களைப் பற்றிய பட்டப்படிப்புக்கு மலையிறங்கித்தான் ஆகவேண்டும். 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானது; இஸ்லாமியா கல்லூரி தன் நூறாவது ஆண்டை நிறைவு செய்ததும் அதே வருஷந்தான். கலெக்டர் ஆபீஸ் அருகே வந்ததைப்போல், கல்லூரி விடுதியும் மலைப் பிள்ளைகளின் அருகே வரவேண்டும்.

இறுதியாக இவ்வறக்கட்டளையினருக்கு ஒரு விண்ணப்பம். நம் நாட்டு அறக்கட்டளைகள் முதல் மதிப்பெண் வாங்கியவனுக்குப் பொற்பதக்கம் கொடுப்பதில் மகிழ்கின்றன. அவன் பதக்கம் இல்லாமலே மேலே போவான். இவ்வாண்டு முதல் வருமானத்தில் ஒரு பகுதியைப் பிரித்து, பத்தாம் வகுப்பில் தேறியும் ஜூன் மாதத்தில் பதினோராம் வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை இந்த வட்டாரத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களிடமிருந்து வாங்குங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆளை அனுப்பி, பிள்ளை டேனரியிலா, ஷூ கம்பெனியிலா, பீடி சுற்றுகிறதா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறதா என்று விசாரியுங்கள். வருகிற கூலி எவ்வளவென்று தாயிடம் கேட்டு, முதல் வருஷத்துக்காவது அதில் பாதியைக் கொடுங்கள். பஸ் வராத கிராமமாயிருந்தால், நான்கு பிள்ளைகளுக்கு ஒரு ஷேர் ஆட்டோ அமர்த்துங்கள். ஜூலை மாதத்துக்குள் இதைச் செய்தால்தான் பயன். ஆகஸ்டில் போனால் கம்பெனியில் பெயர் பதிந்திருக்கும்.